அம்மையைக் கழுவி எடுத்தவள்

என் மனைவி பிரிஜா கருங்கலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதற்கும் கூசாதவள். நானோ ரப்பர் ஷீட் காயப்போடும் எங்கள் புகைப்புரைக்குள் பகலில்கூட விளக்கில்லாமல் போகமாட்டேன்.

அவள் பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அம்மை செத்துப்போனாள். ஒரு படம்கூட இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, "இதுல எது அம்மைக்க ஜாடை?" என்று என்னிடம் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் அவள் அப்பா இறந்தபிறகு, அவருடைய கல்ஃப் பெட்டியில் ஒரு கேமரா கிடைத்தது. உள்ளே கறுப்பு வெள்ளை பிலிம். முப்பத்தெட்டு வருஷமாகக் கழுவாமல் கிடந்திருக்கிறது.

ஸ்டுடியோக்காரர்கள் கையை விரித்தார்கள். பிரிஜாவே மருந்தும் காகிதமும் ஆன்லைனில் வரவழைத்தாள். புகைப்புரையே இருட்டறை. முதலில் பழகுவதற்கு ஒரு புது ரோலை எடுத்து, கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குள் போடும் சிவப்பு பல்பின் கீழே பிரித்தாள். அந்த வெளிச்சம் காகிதத்துக்குத்தான் ஆகும், பிலிமுக்குக் கும்மிருட்டு வேண்டும். ரோல் முழுக்கக் கரிக்கட்டை. நல்லவேளை, அது அம்மை இருந்த ரோல் இல்லை.

அப்பாவின் ரோலைக் கும்மிருட்டிலேயே கழுவினாள். ஒரே ஒரு படம் தேறியது. சனிக்கிழமை இருட்டியபிறகு அதைக் காகிதத்தில் எடுக்கப் போனபோது, அவள் அப்பாவின் அக்கா லீலாபாய் மாமி வந்தாள்.

"பிரிஜா எங்க மக்கா?"

"அம்மையைக் கழுவிட்டிருக்கா" என்றேன் விளையாட்டாக.

மாமி முகம் வெளிறிவிட்டது. "செத்தன்னைக்கு நான் ஒருக்க கழுவினது போராதா?"

பிலிமைச் சொன்னேன் என்றதும் இன்னும் பயந்தாள். விறுவிறுவென்று புகைப்புரைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

சிவந்த இருட்டில் மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள் பிரிஜா. காகிதத்தில் முதலில் ஒரு நாற்காலி தெரிந்தது. பிறகு, மடியில் சிரிக்கிற பிள்ளை. கடைசியாக ஒரு பெண்ணின் முகம், நேராக எங்களைப் பார்த்து.

"எனக்க கண்ணுதான் மாமி! பாருங்க!" பிரிஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

மாமி கிட்டே வரவில்லை. "அது அடக்கத்துக்கு எடுத்த கோடிச் சேலை மக்கா."

நான் கதவோரச் சுவிட்சுப் பக்கம் நகர்ந்தேன்.

"உனக்கு அம்மைகூட ஒரு படமாவது வேணும்னு உனக்க அப்பன் அவள நாற்காலியில இருத்தினான். பின்னால நின்னு அவ சாயாம தோளப் பிடிச்சது நான். கண்ணைத் தொறந்து வச்சதும் நான்தான். பெறகு அவனுக்கு அதக் கழுவ மனசு வரல்ல."

படத்தில் அந்தத் தோளின்மேல் நாலு விரல்கள் தெரிந்தன.

"லைட்டப் போடு, கருத்துப் போகட்டு" என்று மாமி என்னைக் கெஞ்சினாள். என் கை சுவிட்சில் இருந்தது. சத்தியமாக, போட்டுவிடத்தான் தோன்றியது. காகிதம் கருத்துவிட்டால், பிலிம் மிச்சம் இருந்தாலும் பிரிஜா இன்னொரு தடவை துணியமாட்டாள், அப்பாவைப் போலவே.

"போடாதீங்க" என்றாள் பிரிஜா. காகிதத்தைத் தூக்கி, படத்தை நிலைக்கவைக்கும் மருந்துத் தட்டில் விட்டாள். பிறகு மாமியின் கையைப் பிடித்து அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"அன்னைக்கு அவ்வளவு நேரம் பிடிச்சியளே மாமி, இன்னும் இத்திரி நேரம் பிடியுங்க."

மாமி பிடித்துக்கொண்டாள், அதே நாலு விரலால்.