உள்முத்து

"உன் ஒடம்பே உன்ன அடிக்குதா? நல்லா உடுறடீ கதை."

ஆஸ்பத்திரியிலிருந்து சேக்காட்டு வீட்டுக்குத் திரும்பிய அன்று பெரியம்மா இப்படித்தான் கேட்டார். என் வாயெல்லாம் புண். பேச வாய் திறந்தாலே எரிந்தது.

அது அடிதான். விடியும்போது விரல் கணு ஒவ்வொன்றையும் யாரோ சுத்தியலால் நசுக்கியதுபோல் இருக்கும். சீப்பைப் பிடித்தால் உயிர் போகும். முடி கொத்தாகக் கையோடு வரும். கிருமியிடமிருந்து என்னைக் காக்க உடம்புக்குள் இருக்கும் படை என்னையே எதிரி என்று நினைத்து வெட்டுகிறதாம். சிறுநீரகம் வரை வெட்டிவிட்டது.

எது அதைக் கிளப்பியது? எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போய், காலேஜ் வரை வந்தவள் நான். காரணம் கேட்காமல் மாத்திரையை விழுங்க மாட்டேன். டாக்டரைத் துளைத்தேன். பிறவியிலேயே உடம்பில் இந்த நோய் வரும் வாகு இருக்கலாம். காய்ச்சல் கிளப்பலாம், சில மருந்துகள் கிளப்பலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "ஆனா வெயில் உனக்கு ஆகவே ஆகாது. எரியுற இடத்துல பெட்ரோல் ஊத்துற மாதிரி."

வெயில் என்றதும் எனக்கு மொட்டை மாடி நினைவுக்கு வந்தது. கன்னங்களிலும் மூக்கின் மேலும் சிவப்பு படர்ந்தபோது வீட்டில் அம்மை என்று முடிவுகட்டினார்கள். அம்மை என்றால் முத்து எங்கே என்று கேட்டேன். "உள்முத்துடீ, உள்ள போட்டுகீது. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டான்," என்றார் பெரியம்மா. அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்து, உச்சிப் பொழுதில் மாடியில் என்னை உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினார்கள். முதல் தண்ணீர், ஒரு நாள் விட்டு இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். அதோடு படுத்தவள்தான், ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடியில் தங்கை அலறும் சத்தம் கேட்டது. இரண்டு நாளாக அவள் கன்னத்திலும் அதே சிவப்பு, மணிக்கட்டு வீங்கியிருந்தது. துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு படியேறினேன். பெரியம்மா அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். அம்மா சொம்போடு நின்றாள்.

"உட்டுடு பெரிம்மா."

"கீழ போடீ. ஆத்தா வந்துகீறா."

அண்டாவை எட்டி உதைத்தேன். அது உருண்டு கைப்பிடிச் சுவரில் மோதியது. மஞ்சள் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பெரியம்மா அறைந்த அறையில் உதடு கிழிந்தது. என் முடியைப் பிடித்து இழுத்தார். ஒரு கொத்து அவர் கையோடு போனது. அதற்குள் வெயில் முகத்தைத் தீய்த்தது.

"இதே வெயில்ல என்ன உக்கார வச்சீங்க. ஆத்தாவா வந்தா? என் கிட்னிதான் போச்சு!"

பெரியம்மா மறுபடி கை ஓங்கினார். அந்தக் கையை அம்மா பிடித்தாள்.

"உடுக்கா. அவ மயிரப் பாரு உன் கையில."

பெரியம்மா கையைப் பார்த்தார். விரல்களை விரித்து முடியைக் கீழே விட்டார்.

தங்கைக்கு வந்திருப்பது என் நோய்தானா, எனக்குத் தெரியாது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது பெரியம்மா இல்லை. ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கச் சொல்லி, அவளை நடுவில் உட்காரவைத்து, ஆவடி லேபுக்கு அழைத்துப் போய் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வைத்துவிட்டேன்.