அவிழ்ப்பதற்காகக் கட்டிய அணை

"கடல் திரும்பவும் வீட்டுக்கை வந்தால் என்ன செய்வாய்? உன்ரை கொப்பியளை அடுக்கி அணை கட்டுவியோ?"

மாமி இதைக் கேட்டது கிணற்றடியில். வாளியில் அள்ளிய தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பார்த்து, துப்பிவிட்டுத்தான் கேட்டார். அவர் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகுவேலி, வேலியில் நாங்கள் போய் வர ஆள் நுழையும் இடைவெளியாக ஒரு பொட்டு. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் கிணறுதான் ஊரிலேயே நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்தது. அந்தக் கார்த்திகையில் கடல் ஏறி வந்து அதை உப்பாக்கிவிட்டுப் போயிருந்தது.

எங்கள் ஊர் வடமராட்சியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கடலுக்கும் வீடுகளுக்கும் இடையே மணல்மேடுகள் பனையளவு உயரத்தில் வரிசையாக நிற்கும். எங்கள் இரண்டு வளவுகளுக்கும் நேரே மட்டும் மேடு இல்லை. நாலு வள்ளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்து வைக்கக்கூடிய அகலத்துக்குத் தட்டையான மணல். அதை ஊரில் 'வாய்' என்பார்கள். சாதாரண மாரிக்காலத்தில் அந்த வாய் வழியாக நுரை மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த வருடம் கடலே வந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பானைகள் மிதந்தன. அம்மா என் புத்தகங்களை மட்டும் முதலில் தூக்கிக் கூரை வளையில் செருகினார். அரிசிப் பெட்டியை அதற்குப் பிறகுதான் தேடினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் உயர்தரம் வரைக்கும் வந்தவள் நான் ஒருத்தி. அப்பாவுக்குக் கையெழுத்து வைக்க வராது. உடுப்பிட்டிக்குச் சைக்கிள் மிதித்துப் போய் உயிரியல் படித்தேன், ஜாம் போத்தல் விளக்கில் இரவில் அதைத் திரும்பப் படித்தேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

கடல் வந்து போனபின் மீனவர் சங்கம் கூடியது. வாயை ஒரேயடியாக அடைப்பது என்று முடிவு. பனங்குற்றிகளை நெருக்கி நட்டு, பின்னால் கல்லும் மண்ணும் கொட்டி, முன்னால் தாழையும் சவுக்கும் வைப்பது. கேட்டதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மாமி சங்கத் தலைவருக்கு ஒரு பார்சல் கருவாடு அனுப்பினார். எங்கள் இரண்டு வீட்டையும் காப்பாற்றத்தான் அந்த அணை. அதை வேண்டாம் என்றவள் ஊரிலேயே நான் ஒருத்திதான்.

காரணம் ஆமைகள். எங்கள் கரையில் ஏறுவது பங்குனியாமை. பெயர் அப்படி இருந்தாலும் தை பிறந்ததுமே வரத் தொடங்கிவிடும். மணல்மேடுகளில் அவற்றால் ஏற முடியாது. சவுக்கு நிற்கும் இடங்களில் வேர் பின்னிக் கிடப்பதால் குழி தோண்ட வராது. அலை எட்டாத உயரத்தில் தட்டையான வெறும் மணல் என்றால், எங்கள் ஊரில் அது வாய் ஒன்றுதான். இந்த ஆமைகள் உலகத்திலேயே குறைந்துகொண்டு போகின்றன, பெண்ணாமை தான் பிறந்த கரைப்பக்கமே முட்டையிடத் திரும்பி வரும் என்று எங்கள் உயிரியல் ஆசிரியை சொன்ன நாளில், வகுப்பிலிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அது வீட்டுச் சங்கதியாகக் கேட்டது.

ஒரு கொப்பியில் தடங்களை எண்ணி எழுதி வைத்திருந்தேன். விடியற்காலையில் மணலில் உழவு போட்டது மாதிரிக் கிடக்கும் தடங்கள். ஒருநாள் பெருமையோடு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, ஆமை வந்தால் திரும்பிப் போகாதோ?"

நான் ஏறின தடத்தை ஒன்று, இறங்கின தடத்தை ஒன்று என்று எண்ணியிருந்தேன். கொப்பியிலிருந்த ஆமைகளில் பாதி கடலில் இல்லாதவை. அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டால் பிரித்தேன். பிரித்த பிறகு மிஞ்சியது பயப்படும் அளவுக்குக் கொஞ்சம்.

மாமியின் கேள்விக்கு அன்று கிணற்றடியில் என்னிடம் பதில் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஆமைக்கு வழி வேண்டும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, மாமியின் பானைகள் மிதக்காமலிருக்க என்ன செய்வது என்று சொல்லத் தெரியவில்லை. கோயிலடிக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த அந்த மாதங்களில், மாமி இடுப்புக் குடத்தோடு என்னைக் கடக்கும்போதெல்லாம் "உன்ரை ஆமையைக் கூப்பிடன், ஒரு குடம் தூக்கட்டும்" என்பார்.

பதில் கிடைத்தது அப்பாவின் கையில். அவருக்குக் கற்பிக்கும் எண்ணம் எதுவும் இருக்கவில்லை. அன்று அவருக்கு மீன் படவில்லை, எரிச்சலில் இருந்தார். கட்டுமரத்தைக் கரைக்கு இழுத்து, கயிறுகளைத் தளர்த்தி, மரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் செய்வதுதான். கடலுக்குப் போகும்போது கட்டு, வந்ததும் அவிழ். நான் மரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்தபடியே கேட்டேன்.

"அப்பா, அணையையும் இப்பிடிக் கட்டேலாதோ?"

"எப்பிடி?"

"மாரிக்குக் கட்டிறது. தை பிறந்தால் அவிழ்க்கிறது."

அவர் நிமிர்ந்து வாயைப் பார்த்தார். பிறகு மரங்களைப் பார்த்தார். "பனையைக் கீறின சிலாகையைத் தட்டி தட்டியாய்க் கட்டி, நட்ட குற்றியிலை பிணைச்சுவிட்டால்..." என்று தொடங்கியவர், மீன் படாததையே மறந்துவிட்டார்.

சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. அப்பா எனக்காகப் பேசுவதாகச் சொன்னார். நானும் மாமியும் வெளியே யன்னலோரம் நின்றோம். மாமி வந்தது எனக்கு எதிராக நிற்க. அப்பா எழுந்தார், தொண்டையைச் செருமினார், "என்ரை மகள் சொல்லுறாள்" என்றார், அதற்குமேல் வரவில்லை. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன்.

தலைவர் கரைவலை வைத்திருந்த சம்மாட்டி, ஆட்களை வைத்து வலை இழுப்பிக்கும் முதலாளி. குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"ஆமை இறைச்சி தின்னாத வீடு இந்த ஊரிலை எத்தினை இருக்கு, பிள்ளை?"

"எங்கடை வீட்டிலையும் திண்டிருக்கிறம், ஐயா. அதாலைதான் சொல்லுறன்."

உள்ளே சிரித்தார்கள். ஆனால் அது சண்டைக் காலம், பனங்குற்றிகளில் பாதி பங்கர்களுக்குப் போய்விட்டிருந்தன. மணல் மூட்டை கட்டச் சாக்கு ஒன்றைக் கண்ணால் காண்பதே அரிது. நெருக்கி நட்டு முழு மதில் எழுப்பக் குற்றி போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலாகைத் தட்டிக்குப் பாதிக் குற்றி போதும். அதனால்தான் ஒத்துக்கொண்டார்கள், என் பேச்சால் அல்ல. கிறிஸ்துமஸ் கழிந்து தைத் தொடக்கத்தில் வரும் இராசாக்கள் திருநாள் முடிந்ததும் அவிழ்ப்பது என்று ஏற்பாடு.

"கடல் உள்ளை வந்தால் உன்ரை தலையிலைதான்" என்றார் தலைவர்.

"அவளின்ரை தலையிலை இல்லை, என்ரை அடுப்பிலை" என்றார் மாமி, எனக்குப் பக்கத்திலிருந்து.

அடுத்து வந்த ஐப்பசியில் கட்டினோம். ஆண்கள் குற்றி நட்டார்கள். பெண்கள் சிலாகைகளைத் தும்புக்கயிற்றால் பிணைத்தோம், கட்டுமரத்துக்குப் போடும் அதே முடிச்சால். பின்னால் மணலை அணைத்தோம். கார்த்திகை முடிவில் ஒரு பின்னேரம் கடல் வந்தது. தட்டிகளில் மோதி, இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. நானும் மாமியும் வேலிப் பொட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு அலைக்கும் மாமி என் கையை இறுக்கினார். இருட்டுவதற்குள் தண்ணீர் எங்கள் வேலியடியை நனைத்துவிட்டுத் திரும்பியது. மறுநாள் காலையில் மாமி கிணற்றில் ஒரு வாளி அள்ளி, வாய் வைத்துப் பார்த்து, விழுங்கினார். அன்று மத்தியானம் பொட்டு வழியாக ஒரு கோப்பை மீன்சொதி வந்தது.

அணை நன்றாக நின்றதுதான் வினை. இராசாக்கள் திருநாள் வந்தது, போனது. அவிழ்க்க ஒருவரும் வரவில்லை. தட்டிகளில் வலை காயப் போடப் பழகிவிட்டார்கள். காற்று மறைப்பில் மாமி கருவாடு பரப்பினார். தலைவரைக் கேட்டால், "தை மழை ஒண்டு கிடக்கு, பாப்பம்" என்றார். அப்பாவைக் கேட்டால், "மாமியைக் கேள்" என்றார். மாமியைக் கேட்டேன்.

"மாமி, அவிழ்க்கிறது எண்டுதானே கட்டினது."

"உனக்கு ஆமையிலை இருக்கிற பட்சம் எங்களிலை இல்லை."

"உங்களிலை இல்லாமலோ இவ்வளவு சிலாகை பிணைச்சனான்?"

"போடி. முட்டை தின்ன ஆசையெண்டால் சொல்லு, கோழிமுட்டை தாறன்."

அதற்குப் பிறகு நாலைந்து நாள் நான் பொட்டு வழியாகப் போகவில்லை. கொப்பியில் அந்தப் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன.

ஒரு விடியற்காலை மாமியே வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. "இஞ்சை வா. உன்ரை கணக்கைக் கொண்டு வா."

கருவாடு பரப்பப் போனவர் கண்டிருக்கிறார். கடலிலிருந்து ஒரு தடம் நேராக அணைக்கு வந்திருந்தது. தட்டியடியில் மணல் கிளறிக் கிடந்தது. அங்கிருந்து தடம் அணையை ஒட்டியபடி ஒரு தலைப்பு வரை போய், மேட்டில் ஏறப் பார்த்துச் சறுக்கி, திரும்பி, மறு தலைப்பு வரை போயிருந்தது. அங்கேயும் சறுக்கியிருந்தது. பிறகு கடலுக்கு இறங்கிவிட்டது. குழி எங்கேயும் இல்லை.

மாமி அந்தத் தடத்தின் பக்கத்திலேயே நடந்தார், ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை. எண்பத்தேழில் சண்டை வந்தபோது, வயிற்றில் எட்டு மாதத்தோடு ஊர் ஊராக நடந்தவர் அவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

"வயித்துப் பாரத்தோடை வந்தவளை வாசலிலை நிப்பாட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறம்" என்று மட்டும் சொன்னார். பிறகு கருவாட்டுக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு முதல் முடிச்சில் கை வைத்தார்.

முடிச்சு அசையவில்லை.

நான் முயன்றேன். அடுத்ததும் அசையவில்லை, அதற்கடுத்ததும். அப்பா வந்து பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். கட்டுமரத்தின் முடிச்சை எங்கள் ஆட்கள் கட்டிய அன்றே, ஈரம் காயுமுன் அவிழ்ப்பார்கள். இரண்டரை மாதம் உப்பிலும் வெயிலிலும் கிடந்த தும்புக்கயிறு எப்படியிருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கல்லாகிப் போயிருந்தது.

"வெட்டத்தான் வேணும்" என்றார் அப்பா.

"வெட்டினால் வாற மாரிக்குக் கயிறு எங்கை?" என்று மாமி கேட்டார். கயிற்றுக்கும் அப்போது தட்டுப்பாடு. வெட்டினால் அடுத்த ஐப்பசியில் அணை இல்லை. வெட்டாவிட்டால் ஆமைக்கு வழி இல்லை. நான் இரண்டையும் கேட்டவள்.

மாமி வாளியை எடுத்துக்கொண்டு கடலுக்கு இறங்கினார். அள்ளிவந்து முடிச்சின்மேல் ஊற்றினார். திரும்பப் போனார். எந்தக் கடலைத் தடுக்க அணை கட்டினோமோ அதே கடலை அன்று முழுவதும் நாங்கள் வாளி வாளியாகச் சுமந்து அணைக்கு ஊற்றினோம். மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். ஊறிய முடிச்சை அப்பா ஆணியால் நெம்ப, மாமி இழுத்தார். முதலாவது தளர்ந்தபோது, "பாத்தியே, கொப்பி இல்லாமல்" என்றார் என்னைப் பார்த்து. இரண்டு நாள் பிடித்தது. ஒரு கயிறுகூட வெட்டவில்லை.

பத்து நாளைக்குப் பிறகு வாயில் தடம் கண்டேன். ஏறினது ஒன்று, இறங்கினது ஒன்று. ஒரு ஆமை என்று எழுதினேன். ஊரில் முட்டை தோண்டுவதை எல்லோரும் விட்டுவிட்டார்களா என்றால், இல்லை. மாமி விட்டுவிட்டார். தோண்ட வருகிறவர்களை அவர் கலைப்பதைக் கேட்டால் கடலுக்கே பயம் வரும்.

அதன்பின் இரண்டு மாரிக்குக் கட்டி அவிழ்த்துவிட்டோம். இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை முடிச்சுகளைத் தளர்த்தித் திரும்பக் கட்டுகிறோம். ஆனால் ஒவ்வொரு தையிலும் அதே இழுபறி. தலைவர் "பாப்பம்" என்பார், நாங்கள் யன்னலுக்கு வெளியே நிற்போம். அவிழ்க்கும் நாளை முடிவு செய்கிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள். முடிச்சுப் போடுகிறவர்கள் வெளியே.

சங்கத்தில் சேரும் படிவத்தைப் போன கிழமை வாங்கி வந்து வாசித்தேன். ஆண்கள் மட்டும் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. தொழில் என்ற இடத்தில், கரைவலை இழுத்தல், கருவாடு போடுதல், அணை கட்டுதல், அவிழ்த்தல் என்று எழுதினேன். பொட்டு வழியாக எட்டிப் பார்த்த மாமி என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"தருவினமோ?" என்றார்.

"தெரியாது, மாமி."

 மாமி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வாசலில் வைத்து, தலைவரின் கையில் இரண்டு படிவங்களைக் கொடுத்தேன். ஒன்றில் என் கையெழுத்து. மற்றதில் மாமியின் பெருவிரல்.