முதலாளிக்கு ஒரு சீட் கவர்

அத்தான் எந்த நாற்காலியிலும் நேராகப் போய் உட்கார்ந்துவிட மாட்டார். முதலில் வலது கட்டைவிரலால் இருக்கையின் நடுவில் ஓர் அழுத்து. பிறகு விரலை எடுத்துவிட்டு, விழுந்த குழி எழும்பி வருவதைக் குனிந்து பார்ப்பார். சட்டென்று எழும்பினால் "ம்" என்பார். மெல்ல எழும்பினால் உதட்டைப் பிதுக்குவார். எழும்பாமலே கிடந்தால், அந்த வீட்டுக்காரரைத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்ப்பார். அடுத்து விளிம்பைப் புரட்டித் தையலை ஒரு நோட்டம். அப்புறம்தான் உட்காருவது. ஒரு முறை பல்வலியோடு பல் டாக்டரிடம் போனவர், வீங்கிய கன்னத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் அழுத்திப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னதும், "இந்த ஃபோம் யாரு போட்டது டாக்டர்?" என்றார்.

கார்களுக்கு சீட் கவர் தைப்பது அவர் தொழில். கீழே பட்டறை, மேலே அக்காவும் அவரும் குடியிருக்கும் வீடு. அந்த வீட்டு முன்னறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் மச்சான் நான்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, மூக்கு யார் சாயல், காது யார் சாயல் என்று எல்லோரும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் கையில் வாங்கியதும் துணியை விலக்கி, டயப்பரின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினார்.

"உள்ள பஞ்சு இல்ல மாப்ளே. ஏதோ ஜெல் மாதிரி வெச்சிருக்கான்."

"சார், அது குழந்தை" என்றார் நர்ஸ். "மெத்தை இல்ல."

வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு 'முதலாளி' என்று பட்டம் சூட்டினார். "கத்தினா ஓடணும். எப்ப கத்துவாங்கன்னு தெரியாது. நன்றின்னு ஒரு வார்த்தை கிடையாது. வேற என்னன்னு கூப்பிடறது?"

முதலாளிக்குக் கடை டயப்பர் ஒத்துக்கொள்ளவில்லை. தொடையிடுக்கெல்லாம் சிவந்து தடித்துப்போயிற்று. கம்பெனி மாற்றினோம், களிம்பு மாற்றினோம், டாக்டரையும் மாற்றினோம். சிவப்பு மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறை டயப்பரை அவிழ்க்கும்போதும் அவள் கதறுகிற கதறலில் அத்தான் கீழே மிஷினை நிறுத்திவிடுவார். ஒரு காலை, புது டயப்பர் ஒன்றைப் பட்டறையின் வெட்டு மேஜையில் போட்டு, பிளேடால் கீறி, தவளையை அறுத்துப் பார்ப்பதுபோல் அக்கக்காகப் பிரித்தார்.

"முழுக்க பிளாஸ்டிக் மாப்ளே. வெயில்ல நின்ன வண்டியில ஏறி ரெக்சின் சீட்ல உட்கார்ந்தா நமக்கே வேகுது. முதலாளி ராவும் பகலும் அதுலயே உட்கார்ந்திருக்காங்க. இனிமே துணிதான். நானே தைக்கிறேன்."

"துவைக்கிறது?" என்றாள் அக்கா.

"அதுவும் நானே."

"எழுதி வாங்கிக்கடா தம்பி" என்று என்னிடம் சொன்னாள்.

முதலில் தைத்த டயப்பரில் அத்தானை மீறி அவர் தொழில் வேலை செய்துவிட்டது. மெல்லிய பருத்தித் துணி, சரி. ஓரத்தில் உருட்டித் தைத்த பைப்பிங், போகட்டும். நடுவில் கெட்டியாக ஒரு ஃபோம் பலகை. மாட்டிப் படுக்க வைத்தால் முதலாளியின் இடுப்பு மேட்டிலும் தலை பள்ளத்திலும் இருந்தன. சரிவில் நிறுத்திய வண்டிபோல மெல்லத் தலைப்பக்கமாக வழுக்கத் தொடங்கினாள்.

"ஹேண்ட் பிரேக் போட்டீங்களா இல்லையா?" என்றாள் அக்கா. "ஏங்க, நான் பெத்தது பொண்ணா, காரா?"

நாலைந்து தோல்விகளுக்குப் பிறகு, ஹெட்ரெஸ்ட்டைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. தலை சாய்க்கிற அந்தக் குட்டி மெத்தைக்கு அவர் தைக்கிற உறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றவே வேண்டாம். நடுவில் ஒடுங்கிய நீளத்துணி. ஒடுங்கிய பாகத்தைக் கீழே உள்ள இரண்டு கம்பிகளுக்கும் நடுவே நுழைத்து, முன்னும் பின்னும் தூக்கி, பக்கங்களில் வெல்க்ரோவால் ஒட்டிவிடலாம்.

"கம்பிக்குப் பதிலா கால்" என்றார் அத்தான், கண்கள் பளபளக்க. "அவ்வளவுதானே!"

ஹெட்ரெஸ்ட்டின் அட்டை மாதிரியை வைத்தே வெட்டினார். எண்ணெய்த் தலைகளின் எண்ணெய் மெத்தைக்குள் இறங்காமலிருக்க உறைக்குள் அவர் வைக்கும் லைனிங்கையே இதிலும் வெளிப்பக்கமாக வைத்தார். உட்பக்கம் பழைய வேட்டித் துணி, பல மடிப்பு. மேலே வாத்துப் படம் போட்ட துணி. பழைய சீட் ஒன்றின் ஹெட்ரெஸ்ட்டில் மாட்டி, கீழே காகிதம் விரித்து, உள்ளே ஜக்கு ஜக்காகத் தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். காகிதம் நனையவில்லை. முதலாளிக்கு மாட்டினார். முதலாளியும் நனைக்கவில்லை, அதாவது வெளியே. சில நாட்களில் சிவப்பு அடங்கத் தொடங்கியது.

காயப்போடுவதிலும் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. வேலைக்கு வந்து வெயிலில் நிற்கும் கார்களின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே வரிசையாகத் தொங்கவிடுவார். "அடுப்பு மாதிரி மாப்ளே. அரை மணியில மொறமொறன்னு ஆயிடும்." வண்டிக்காரர்களிடம் இதைச் சொல்லவில்லை.

ஆறு மாத விடுப்பு முடிந்து அக்கா கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. கடைக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்றுதான் இருந்தது. அதை நடத்துகிறவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள். அத்தான் காட்டிய வாத்து டயப்பரைப் பார்த்ததும் அவர் கையை எடுத்துக் கும்பிட்டார்.

"துணியா? வேண்டாங்க. பட்டது போதும்."

"டீச்சர், ஒரு சொட்டு வெளிய வராது. தண்ணி ஊத்திக் காட்டட்டுமா? உங்க நாற்காலியிலயே..."

"என் நாற்காலியை விடுங்க. ஏன் அதைப் போட்டு அழுத்தறீங்க?"

அக்கா குழந்தையின் தொடையைத் திருப்பிக் காட்டினாள். இன்னும் லேசான தழும்பு. பெரிய டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். "திங்கக்கிழமை ஒரு நாள் பாக்கறேன். எனக்குச் சரிப்படலன்னா மறுநாள்லேர்ந்து கடை டயப்பர். இல்லன்னா வேற இடம் பாத்துக்கங்க."

வேறு இடம் கிடையாது. வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா நின்று, "திரும்பவும் அதைப் போட்டு அவளைப் புண்ணாக்கிட்டு என்னால வேலை பாக்க முடியாதுங்க. இது நடக்கலன்னா நான் வேலையை விட்டுடறேன்" என்றாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை பட்டறையில் ஒரே மாதிரி இரண்டு பைகள் இருந்தன. ஒன்று காப்பகத்துக்கு. மற்றொன்று டிரைவிங் ஸ்கூல்காரருக்கு. பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்து அடித்துத் தன் மாணவர்களைப் பயமுறுத்துகிறார்கள் என்று, பின் சீட்டுக்கு எழுத்து வைத்த ஹெட்ரெஸ்ட் உறைகள் கேட்டிருந்தார் அவர். அத்தான் அவசரத்தில் பையைத் திறந்து பார்க்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "ம், இதுதான் முதலாளியோடது" என்று எடுத்துக்கொண்டார். மெத்தென்றிருக்க டிரைவிங் ஸ்கூல் உறைகளையும் அதே லைனிங், அதே வேட்டி மடிப்போடு தைத்திருந்தார் என்பதை அந்த விரல் மறந்துவிட்டது.

மற்ற பையை டிரைவிங் ஸ்கூல்காரரின் ஆட்கள் வந்து வாங்கிப்போனார்கள். மதியம் அவரிடமிருந்து போன் வந்தது.

"மாஸ்டர், பசங்க மாட்டிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க. எழுத்து எங்க? பின் கண்ணாடி பூரா வாத்தா இருக்கு?"

அத்தான் தையல் மிஷின்மேல் உட்கார்ந்தார். அழுத்திப் பார்க்காமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நிமிஷம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்கூட்டருக்கு ஓடினார். "போச்சு மாப்ளே. உங்கக்கா வேலை போச்சு. என்னால போச்சு."

காப்பகத்தின் நடுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. முதலாளி அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள். முன்னால் போக வராது, பின்னால் மட்டுமே வருவாள். நாங்கள் நுழைந்தபோது எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடி நிதானமாக ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் பளீர் மஞ்சள் துணி. அதில் சிவப்பு நூலால் கொட்டை எழுத்தில்:

பயிற்சி வாகனம்
இடைவெளி விட்டு வரவும்

மற்ற குழந்தைகள் உண்மையாகவே கொஞ்சம் தள்ளித்தான் இருந்தன.

பெரிய டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்றார். அத்தான் ஆரம்பித்தார்: "டீச்சர், இது வந்து, வண்டியோடது. வாத்து வண்டிக்குப் போயிடுச்சு. நான் இப்பவே..."

"இது நீங்க தைச்சதா?"

"ஆமாங்க. ஆனா..."

"எழுத்தும் நீங்களே போட்டதா? துவைச்சா போயிடுமா?"

"துணி கிழிஞ்சாலும் எழுத்து போகாதுங்க."

"அப்ப நாளைக்கும் இதையே கொண்டு வாங்க."

"இதையேவா?"

"இதையேதான். வாத்து கீத்தெல்லாம் வேண்டாம். எழுத்தோட."

அன்று சாயங்காலம் அக்கா குழந்தையைப் புரட்டிப் பார்த்தாள். தோலில் ஒரு புதுச் சிவப்பு இல்லை. பிறகு டயப்பரில் இருந்ததைப் படித்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, தண்ணீர் குடிக்கவேண்டியதாயிற்று.

டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் புது உறைகள் தைத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். அவர் வாத்துகளைத் திருப்பித்தர யோசித்தார். "பின்னாடி வர்றவன் சிரிச்சிட்டு ஹார்ன் அடிக்க மறந்துடறான் மாஸ்டர். அதுவும் துணி என்ன மெது! போன வாரம் பின் சீட்ல ஒருத்தர் தலையைச் சாய்ச்சு அப்படியே தூங்கிட்டார். எப்படி இவ்வளவு பதமா வருது?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "அது... பல தடவை ஊறினது சார்" என்றார்.

பெரிய டீச்சர் ஏன் ஒப்புக்கொண்டார் என்பதற்கு அத்தானிடம் ஓர் உறுதியான விளக்கம் இருந்தது: ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஜக்கையும் காகிதத்தையும் சேர்த்து அதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். முதலாளி நடக்கத் தொடங்கிய பிறகு, ஒரு மாலை அவளை அழைத்துவரப் போனபோது, காப்பகத்து ஆயா செருப்பை மாட்டிவிட்டபடியே பேச்சுவாக்கில் சொன்னார். முன்பு அங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் துணிதானாம். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. துவைத்து உலர்த்தினால் எது யாருடையது என்று தெரியாதாம். ஒரு நாள் இரண்டு அம்மாக்கள் ஒரே துணியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இழுத்திருக்கிறார்கள். விலக்கப்போன பெரிய டீச்சரின் மூக்குக்கண்ணாடி உடைந்திருக்கிறது. அன்றோடுதான் துணி கூடாது என்று ஆனதாம். துணியைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்தால் அவருக்குப் போதுமாம். கசிவதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லையாம்.