ஆகாயத்தாமரை மீட்டிங்கில் நான் தூக்காத கை

பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், நடந்த மீட்டிங்கில் சிவராஜா கையைத் தூக்கியதுமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

லுணுகலைப் பக்கத்துத் தோட்டக் குளம் ஒன்றில் ஆகாயத்தாமரை இழுக்கும் நாட்கூலி நான். படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். தண்ணீரையே மூடிவிடும் அந்தச் செடியை மாகாணம் முழுக்க எப்படி ஒழிப்பது என்று அரசாங்கம் பிளான் போட்டது. வேலை செய்கிற எங்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கு டீம் லீடர் வேலை, அதுவும் நிரந்தரமாக, என்று பேச்சு. எனக்குத்தான் என்று இருந்தேன். சிவராஜா எனக்குப் பிறகு அதே வேலைக்கு வந்தவன்.

அவன் எழுந்து சொன்னான்: "சேர், இழுத்த செடிய வெலிமடை மரக்கறித் தோட்டக்காரங்க பச்சையாவே லொறியில உரத்துக்கு ஏத்திக்கிட்டுப் போறாங்க. ஒரு துண்டு வாய்க்கால்ல விழுந்தா அங்கயும் மொளச்சிரும். காயவச்சுத்தான் அனுப்பணும்."

அதிகாரி தலையாட்டினார். "நல்ல பாயிண்ட். பிளான்ல சேத்துக்குவோம்."

அது என் கவலை! தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் நான் அவனிடம் புலம்பியது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேவிட்டேன். "டேய், அது நான் சொன்னதுல்ல?"

"ஆமாண்ணே, எங்கிட்ட சொன்னீங்க. வேற யாரும் பேசுறீங்களான்னு சேர் கேட்டுக்கிட்டே இருந்தாரே? நீங்க செருப்பையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. செருப்புக்கா டீம் லீடர் குடுப்பாங்க?"

பின்சீட்டில் சிரித்தார்கள்.

வேலை அவனுக்கே போனது. புது லைஃப் ஜாக்கெட்டோடு அவனைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. இழுத்த செடியைக் கரையிலேயே குவித்துக் காயவைக்கச் சொன்னான். எனக்கு அடுத்த பயம் பிடித்தது. தேத்தண்ணி நேரத்தில் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். இதையும் அவனுக்குக் கொடுப்பேனா?

அடுத்த மீட்டிங்கில் எழுந்தேன். "சேர், கரையில குவிச்சா, மழை பேஞ்சதும் திரும்பக் கொளத்துக்கே வந்துரும். மேட்டுலதான் போடணும்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தபடி சிவராஜா இருந்த பக்கம் திரும்பினார். "சிவராஜா, டீம நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க!"

அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பிளான் போடுகிற இடத்தில் உங்கள் பயத்தை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். முதல் மீட்டிங்கிலேயே சொல்லுங்கள். அடுத்ததில் சொன்னால், நீங்கள் சொன்னதுகூட டீம் லீடர் கணக்கில்தான் சேரும்.