சரோஜா கங்காணியும் குறைந்த கொழுந்தும்

சரோஜாவைக் கங்காணி வேலையிலிருந்து இறக்கும் கடிதத்தை அடிக்கச் சொல்லி, ஒரு காலையில் சின்ன துரை என் மேசைக்கு வந்தார். நான் அப்போது ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிராணி, ஆபீஸின் தலைமை எழுத்தர். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. சின்ன துரை, அதாவது உதவி மேனேஜர், வேலைக்கு வந்தே மூன்று மாதம்தான். கையில் கலர் கிராஃப் தாள்.

"பாருங்க கிராணி. இவங்க கூட்டத்துக் கொழுந்த எடை போட்டா எப்பவும் கம்மி. மணியம் கங்காணி கூட்டம் எப்பவும் கூட. டேட்டா பொய் சொல்லாது லா."

"பொய் சொல்லலங்க துரை. அவங்க எந்த மலையில கொழுந்து வெட்டுறாங்கன்னு இதுல இருக்கா?"

"அது எதுக்கு?"

எதுக்கா! பதினோராம் நம்பர் மலை செங்குத்து. கிழட்டுச் செடி, வழுக்கும் மண். மற்றக் கங்காணிகள் போனால் யாராவது விழுந்து வருவார்கள். அதனால் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும்போது, மோசமான மலையைக் கெட்டிக்காரியான சரோஜாவுக்குத் தருவது எங்கள் வழக்கம். எடை குறைவது மலையால். அவள் அங்கே இருப்பது திறமையால். இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்பதற்காக, அவள்தான் எடையைக் குறைக்கிறாள் என்று ஆகிவிடுமா? பெரட்டுச் சீட்டில் மலை நம்பருக்கு ஒரு கட்டம் உண்டு. கணினியில் ஏற்றும்போது அதைத் தேவையில்லை என்று நீக்கிய மேதை இவர்தான்.

வாசலில் நின்ற சரோஜா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டாள்.

"பதினேழு வருசமா என் கூட்டத்துல ஒருத்தி காலும் உடையலங்கய்யா. அது இந்தப் படத்துல ஏறாதாமா?"

சின்ன துரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரம் ரெண்டு கூட்டத்துக்கும் மலைய மாத்திப் பாருங்க. அப்புறம் கடிதம் அடிக்கிறேன்," என்றேன்.

மாற்றினார்கள். சரோஜாவின் எடை ஏறியது, மணியத்தின் எடை விழுந்தது. சின்ன துரை புதிய கிராஃபோடு வந்தார். வெட்கப்பட்டு வருகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கிராணி, மணியம் சோம்பேறியாயிட்டாரு. அவருக்கும் ஒரு லெட்டர் போட்டுடலாம்."

பெரட்டுச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேரே மேனேஜரான பெரிய துரையிடம் போனேன். இருவர் வேலையும் தப்பியது. ஆனால் அவர் சொன்ன கடைசி வார்த்தை: "பதினொன்னுக்கு சரோஜாவையே திரும்ப அனுப்பிடுங்க. அவங்கதான் சரி."

ஒருவர் பெயருக்கு நேரே கெட்ட எண்ணைப் பார்த்தால், அவரை அங்கே நிறுத்தியது யார் என்று தேடுங்கள். அன்று பழைய பெரட்டுச் சீட்டுகளைப் புரட்டி நானும் தேடினேன். ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்துதான் இருந்தது.