எல்லாவற்றுக்கும் ரைட்டு போட்டவள்

2005-ஆம் ஆண்டு மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தை ஒட்டிய ஒரு ஊரின் தொடக்கப் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் என் வகுப்பு நோட்டுகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கேள்வி பதில்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பார்த்து எழுதுவார்கள். அடித்தல் திருத்தல் கிடையாது. மார்ஜின் நேராக இருக்கும். நான் சிவப்பு மையில் ரைட்டு போட்டுத் தேதி எழுதுவேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி இரண்டு நோட்டுகளை மற்றப் பள்ளிகளில் காட்டுவதற்காக வாங்கிக்கொண்டு போனார். தலைமையாசிரியர் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

அந்த இரண்டில் ஒன்று, மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணுடையது. அச்சில் வார்த்தது போன்ற கையெழுத்து. அவள் அம்மா உப்பளத்தில் உப்பு வாரும் வேலைக்குப் போகிறவர்.

ஜூலை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். பிரார்த்தனை முடிந்து நான் வருகைப் பதிவேட்டைத் திறந்திருந்தேன். ஒரு கையில், அதிகாரி திருப்பிக் கொடுத்திருந்த மகளின் தமிழ் நோட்டு, இன்னொரு கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு நோட்டீஸ்.

"டீச்சர், இது எம்பொண்ணு எழுதுனதுதானே?"

"ஆமாங்க."

"நீங்கதானே ரைட்டு போட்டீங்க?"

"ஆமா. ஏன், என்ன ஆச்சு?"

அவர் நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். மரக்காணத்தில் நடந்த இலவசக் கண் மருத்துவ முகாமின் அறிவிப்பு அது. வெயிலில் உப்பின் வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்து அவருக்குச் சில மாதங்களாகக் கண் எரிச்சல், நீர் வடிதல். யாரோ நோட்டீஸைக் கையில் கொடுக்க, மகளிடம் காட்டி எந்தக் கிழமை என்று கேட்டிருக்கிறார். அவள் வியாழன் என்று சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வியாழக்கிழமை போனால் அங்கே பந்தலைக்கூடப் பிரித்துவிட்டார்கள். முகாம் செவ்வாய்க்கிழமையே முடிந்திருந்தது.

"கோவமா வர்ல டீச்சர். எனக்குப் படிப்பு கெடையாது. அதான் கேக்குறேன். இவ்ளோ அழகா எழுதுது, இத்த படின்னா முழிக்குது. எழுதத் தெரிஞ்சா படிக்கத் தெரியாதா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டேன். நோட்டைத் திறந்து அவளே எழுதிய பக்கத்தைக் காட்டினேன். முதல் இரண்டு வரிகளை மளமளவென்று ஒப்பித்தாள். விரலை நடுவில் ஒரு சொல்லின்மேல் வைத்து "இது?" என்றேன். பேசவில்லை. இன்னொரு சொல். அதற்கும் பேசவில்லை.

"தெரியாதுன்னு அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "எல்லாத்துக்கும் ரைட்டு போட்டிருக்கீங்களே டீச்சர். தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

அன்று மதியம் வரை எனக்கு எதுவும் ஓடவில்லை. இவள் ஒருத்திதானா, இல்லை மற்றவர்களும் இப்படித்தானா? சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு, ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் ஒரு வரி எழுதினேன்: 'சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.' எழுதிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினேன். இருபத்தெட்டுத் தலைகளும் குனிந்தன. அழகாக, நேராக, புள்ளி பிசகாமல் எழுதினார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் "ஹை!" என்று கத்தினான். இன்னும் ஐந்து பேர் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். மற்ற இருபத்திரண்டு பேரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் திரும்பிப் பார்த்தார்கள்.

படித்த ஆறு பேரும் சாப்பிட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். எழுதியதை மீறினால் இனி எதை நம்பிப் படிப்பார்கள்? வகுப்பு முழுவதையும் அனுப்பிவிட்டேன்.

தலைமையாசிரியர் வேகமாக வந்தார். அவருக்கு ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. நல்ல மனிதர், ஆனால் ஒழுங்கு தவறினால் பொறுக்க மாட்டார்.

"ஏம்மா, யாரைக் கேட்டு விட்டீங்க?"

கரும்பலகையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி, கொஞ்சம் பேர் வீக்கு. அதுக்கு என்ன பண்றது? போர்ஷனை முடிக்கணுமே."

"முடிக்கிறது நான் சார். புள்ளைங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

இவ்வளவு தைரியமாக அதற்கு முன்பு நான் அவரிடம் பேசியதில்லை. அந்த வருஷம் எனக்குள் வந்து உட்கார்ந்த உறுதி அன்றைக்குத்தான் முளைத்தது. தப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடுகிறது. அது என்னுடையது.

மறுவாரம் சனிக்கிழமை அந்த அம்மாவைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போனேன். சொட்டு மருந்து கொடுத்தார்கள், வெயிலில் போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடி வாங்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பேசிய பேச்சு எனக்குப் பயிற்சிப் பள்ளி இரண்டு வருஷத்தைவிட உதவியது. உப்பு எடுக்கும் மாதங்களில் பெரியவர்கள் விடியும் முன்பே போய்விடுவார்கள். சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பெண்கள் வீட்டில் நிற்பார்கள். "நாலு நாள் கழிச்சு வந்தா, விட்டதையெல்லாம் பக்கத்துப் பொண்ணு நோட்டப் பாத்து எழுதுன்னு சொல்லிடுறீங்க. அது எழுதி முடிச்சிடுது. நீங்களும் பாடம் முடிஞ்சிதுன்னு நெனச்சிக்கிறீங்க," என்றார். அது உண்மை. விட்ட பாடத்துக்கு நான் வைத்திருந்த ஒரே மருந்து பார்த்து எழுதுவதுதான்.

முதலில் எழுத்து அட்டைகள் செய்தேன். ஒரு ஞாயிறு முழுக்க வெட்டி ஒட்டி எடுத்துப் போனேன். கடல் காற்றில் ஜன்னல் வழியாகப் பாதி பறந்தது. மீதிக்குச் சண்டை போட்டார்கள். மூன்றாம் நாள் அதைக் கட்டி மூலையில் வைத்துவிட்டேன்.

பிறகுதான் அந்தச் சுலபமான வழி தோன்றியது. தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரம் நோட்டு கிடையாது. ஒரு பிள்ளை எழுந்து வீட்டில் நடந்ததை ஒரு வரி சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுவேன். முதல் நாள் வந்த வரி, 'எங்கம்மா காலு உப்புல வெடிச்சிருச்சி.' அடுத்தது, 'எங்க ஆடு குட்டி போட்டுச்சி, ஒண்ணு செத்துட்டுது.' தான் சொன்னது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. தேடத் தொடங்கினார்கள். வரியை அழித்துச் சொற்களை மாற்றிப் போடுவேன். 'ஆடு எங்கம்மா காலு' என்று வந்தால் சிரிப்பார்கள். சிரித்தால் படித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

லீவு போட்டுவிட்டு வந்தவர்களுக்கு நோட்டைக் காப்பி அடிக்கும் வேலையை நிறுத்தினேன். எந்த இடத்தில் விட்டார்களோ அங்கிருந்தே தொடங்கினார்கள். ஒரே நாளில் ஒரே பாடம் என்பது போய், மூன்று கூட்டமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள்.

பத்தாம் நாளே தலைமையாசிரியர் வாசலில் நின்றார்.

"போர்டுல 'செத்துட்டுது'ன்னு எழுதியிருக்கு. பேச்சுத் தமிழை எழுதிப் போட்டா நாளைக்குப் பரீட்சையிலயும் இப்படியே எழுதிட்டு வரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரவெல்லாம் யோசிக்கவில்லை. அங்கேயே சாக்பீஸை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் 'நாம சொல்றது', வலது பக்கம் 'புத்தகம் சொல்றது'. இடப்பக்கம் 'வர்றான்', வலப்பக்கம் 'வருகிறான்'. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வீட்டில் அப்பா பேசுவதையெல்லாம் புத்தகத் தமிழில் சொல்லி அடி வாங்கியவனும் உண்டு. அந்தக் கோடு தலைமையாசிரியர் திட்டியதால் வந்தது என்பதை நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன்.

நவம்பரில் மழை வந்து உப்பு வேலை நின்றதும் எல்லோரும் ஒழுங்காக வந்தார்கள். மூன்றாவது வரிசைப் பெண் மெதுவாகத்தான் முன்னேறினாள். கையெழுத்து கெட்டுப்போனது. சொந்தமாக ஒரு வரி எழுத அவளுக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. அம்மா மறுபடியும் வந்தார்.

"முன்ன முத்து முத்தா எழுதும். இப்ப கோழி கிண்டுன மாதிரி இருக்குது டீச்சர்."

"அது இப்பதாங்க எழுதுது. முன்னாடி வரைஞ்சிட்டிருந்தது," என்றேன். அருகில் நின்ற மகளிடம் சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் பட்டியலைக் காட்டினேன். திங்கள், செவ்வாய் என்று விரல் வைத்துக் கடைசி வரை வாசித்தாள். வியாழனில் நின்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

2006 பிப்ரவரியில் அந்த அதிகாரி மறுபடி வந்தார். நோட்டுகளைக் கேட்டார். பாதிப் பக்கம்கூட நிரம்பவில்லை. அடித்தல், திருத்தல், கோணல்.

"என்னம்மா இது? போன தடவை இந்த ஸ்கூல் நோட்டைத்தானே எல்லா இடத்துலயும் காட்டினேன்."

"நோட்டை அப்புறம் பாருங்க சார். உங்க கையில இருக்கிற எதையாவது குடுத்துப் படிக்கச் சொல்லுங்க."

அவர் பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து, ஓரத்தில் இருந்த ஒல்லியான சிறுமியிடம் நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டி, நின்று, திரும்பி வந்து, மூன்று வரி வாசித்தாள். பிறகு நிமிர்ந்து, "சார், 'மேற்காண்'னா இன்னா?" என்று கேட்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அர்த்தம் சொன்னார். பார்வைப் பதிவேட்டில் நோட்டுகள் திருப்தியாக இல்லை என்றுதான் எழுதினார். அதற்குக் கீழே, வாசிப்பில் நல்ல முன்னேற்றம் என்றும் எழுதினார். இரண்டுமே சரி என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன்.

ஏப்ரலில் இருபத்தைந்து பேர் வாசித்தார்கள். மூன்று பேருக்கு வரவில்லை. அந்த மூவரும் ஜூனில் மற்றவர்களோடு தலைமையாசிரியரின் ஐந்தாம் வகுப்புக்குப் போனார்கள். பள்ளி திறந்த இரண்டாம் வாரம் அவர் என்னிடம் வந்தார்.

"அந்தக் காலை நேரத்து வேலையை எங்கிளாஸுக்கும் வந்து செஞ்சு குடுங்களேன்."

"நீங்களே செய்ங்க சார். நான் கூட நிக்கறேன்."

சாக்பீஸுடன் நின்றார். யார் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டார். வாசிக்க வராத மூவரில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார் தெனம் மத்தியானம் தூங்குறாரு."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு திரும்பி, பெரிய எழுத்தில் அதை அப்படியே எழுதினார். "வா, நீயே வந்து படி," என்றார். அவள் வந்து ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டுப் படித்தாள். 'தூங்குறாரு' வந்ததும் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார்.

அவளும் இன்னொருத்தியும் தீபாவளிக்குள் தாங்களாகவே வாசித்தார்கள். மூன்றாவது பிள்ளைக்கு அந்த வருஷக் கடைசி வரை ஆயிற்று. தலைமையாசிரியர் அவனோடு தினமும் உட்கார்ந்தார். போர்ஷன் முடியவில்லை என்று அவர் அப்புறம் சொல்லவே இல்லை.