ராசா வேடத்துக்கு மூன்று உரிமைக்காரர்

பஸ்தியாம்பிள்ளை லண்டன் தபால் நிலையமொன்றில் கடிதங்களைத் தரம் பிரித்தார். மிச்ச நேரத்தில் ஆவணப்படம் எடுத்தார். மன்னார்க் கத்தோலிக்கரின் கூத்து, யாழ்ப்பாணத்துத் தவில், லண்டனில் எங்கே நடந்தாலும் கமராவோடு நிற்பார். கலியாண வீடியோவுக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். 1995இல் இறந்தபோது பதினொரு படங்கள் இருந்தன. ஒன்றிலும் ஒருவர் பெயரும் இல்லை.

அடுத்த வருடம் ஓர் ஆவணக் காப்பகம் அவற்றைப் பாதுகாக்கச் சம்மதித்தது. முகம் தெரிகிற ஒவ்வொருவரும், அல்லது அவர் குடும்பத்தவர், சம்மதத் தாளில் கையெழுத்து வைக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு முகம் விடுபட்டாலும் அந்தப் படம் திரும்பி வரும்.

பத்துப் படங்கள் முடிந்தன. 1987இல் கோலியர்ஸ் வுட்டில், தேவாலயப் பங்கு மண்டபத்தில் எடுத்த கூத்து ஒத்திகை மட்டும் மிச்சம். பஸ்தியாம்பிள்ளையின் மனைவி இம்மாகுலேற் ஞாயிறு பூசை முடிந்ததும் கூத்துக்காரர், அவர்கள் குடும்பத்தவர் எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார். றோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்துப் படத்தைப் போட்டார்.

கலியாண வீடியோ பார்ப்பதுபோலவே பார்த்தார்கள்.

"நிப்பாட்டுங்கோ! அந்தச் சேவகன் நான்தான்," என்றார் செபமாலைமுத்து.

"தலையில மயிர் இருக்கே?"

"அப்ப இருந்தது."

சிம்மாசனத்தில் ராசா வந்தார். கிரீடம், நெஞ்சுவரை தாடி.

"எங்கட பெரியப்பா," என்றார் பிலோமினம்மா. "அந்த இருப்பைப் பாருங்கோ."

"உங்கட பெரியப்பா அதுக்கு முதலே கனடா போயிட்டார். இது என்ர மச்சான்," என்றார் செபமாலைமுத்து.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கோ. அது எங்கட அப்பா. மூக்கே சொல்லுது," என்றார் பியற்றிஸ்.

"தாடிக்குள்ள மூக்கு எங்க தெரியுது?"

மூன்று பேரும் பேனா எடுத்துவிட்டார்கள். ராசாவுக்கும் ஒரு கையெழுத்து விழுந்தால் படம் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இம்மாகுலேற் தாளை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அது எட்வேட்," என்றார்.

எட்வேட், மண்டபத்தைத் திறந்து பூட்டுகிற வெள்ளைக்காரர். ராசாவாக நடிக்கிறவருக்கு அன்றைக்கு ஷிப்ட். வெறும் சிம்மாசனத்தை எப்படி எடுப்பது என்று பஸ்தியாம்பிள்ளை எட்வேட்டைப் பிடித்து இருத்தினார். தாடி கட்டியது இம்மாகுலேற்.

"நான் அப்பவே யோசிச்சனான்," என்றார் பிலோமினம்மா, "ராசா ஒரு வரியும் பாடேல்லையே எண்டு."

எட்வேட் ஓய்வு பெற்று இரண்டு தெரு தள்ளி இருந்தார். இம்மாகுலேற் தாளோடு அவர் வீட்டுக்குப் போனார். வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். தமிழர்களுக்கு ராசாவாக இருந்த கதையை ஒன்பது வருடமாக வீட்டில் சொல்கிறாராம், மனைவி நம்புவதில்லையாம்.

எட்வேட்டின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ராசாதான், உண்மையாகவே," என்று இம்மாகுலேற் ஆங்கிலத்தில் சொன்னார்.

மனைவி அதற்கும் சிரித்தார்.